எங்கள் லயத்தின் நாற்பது டப்பாக்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பட்டத்தை வாங்கி வந்து நான் செய்த முதல் வேலை, பிறந்து வளர்ந்த லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீடு வீடாகப் போய் மலம் கேட்டது.

இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கோலாலம்பூரில் நான் முதுகலை படிக்கும் இடத்தில் எங்கள் பேராசிரியை ஓர் ஆய்வு நடத்துகிறார். எச்ஐவி உள்ளவர்களின் குடலில் என்னென்ன ஒட்டுண்ணிகள் இருக்கின்றன, ஒரே பெயருள்ள ஒட்டுண்ணிக்குள்ளேயே மரபணுவில் எத்தனை வகைகள் இருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வு. சாலையில் காரில் போகிறவருக்கு மலை முழுவதும் ஒரே தேயிலை. எங்கள் எஸ்டேட்டில் நாற்று போடுகிறவரைக் கேட்டால் ஒவ்வொரு சரிவும் ஒரு ரகம் என்பார். ஒட்டுண்ணியும் அப்படித்தான். எச்ஐவி உள்ளவர்களுக்கு உடம்பின் காவல் தளர்ந்திருந்தால், மற்றவர் வயிற்றில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும் பூச்சி அவர்கள் வயிற்றில் மாதக்கணக்கில் குடியிருக்கும். குடியிருப்பது யார் என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை கொடுத்துக் காலி செய்ய வைப்பது என்று தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மருத்துவமனைக்கு வெளியே சாதாரணமாக வாழ்கிறவர்கள் நாற்பது பேருடைய மலமும் தேவைப்பட்டது. யார் கொண்டுவருவீர்கள் என்று பேராசிரியை கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எங்கள் எஸ்டேட்டில் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்றேன். அது உண்மை. ஆனால் கையைத் தூக்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது.

எங்கள் லயத்தில் ஒரு மாமா இருக்கிறார். ரத்த உறவு இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மாமா, அவ்வளவுதான். அவரை லோரி ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்வது வேறு வேலை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது பாப்பா. ஆனா என்னைய லோரி டிரைவர்னு போடு. சின்ன வயசுல அதுதான் ஆசை" என்றார். ஆகவே லோரி டிரைவர். வயது, வீட்டு எண், குடும்பம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். வயிற்றை மட்டும் மாற்றவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு, தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கால்சட்டையை இடுப்பில் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"பாப்பா, நீ படிக்கிறது வயித்துப் பூச்சிதானே?"

"ஆமா மாமா."

"யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல?"

"பூச்சியப் பத்தியா?"

"என்னையப் பத்தி லா."

பிறகு சொன்னார். பல வருடமாக அவருக்கு எச்ஐவி. இது அவருக்கும் ஈப்போவில் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும் மாத்திரைக்காக மலை இறங்கி ஈப்போவுக்குப் போய்வருகிறார், ஏனென்றால் இங்கே ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தச் சொல்கிறவரிலிருந்து உள்ளே தரை துடைப்பவர் வரை யாராவது ஒருவர் நம் எஸ்டேட் ஆளாக இருப்பார். நடுவில் சலித்துப்போய்ச் சில மாதம் மாத்திரையை விட்டிருக்கிறார். அப்போது பிடித்த வயிற்றுப்போக்கு, மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய பிறகும் நிற்கவில்லை. மூன்று மாதமாக உடம்பு கரைந்துகொண்டிருந்தது.

ஈப்போ டாக்டர் மூன்று தடவை டப்பா கொடுத்து, காலையில் போனதைக் கொண்டுவாருங்கள், பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முதல் தடவை மாமா அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்து இருக்கையில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து, "என்ன மாமா பொட்டலம், சூடா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். மாமா மலை அடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் இறங்கி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். இரண்டாம் தடவை யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் போட்டுவிட்டார். மூன்றாம் தடவை மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னார்.

"ஈப்போ ஆஸ்பத்திரியிலயே போயிக் குடுக்க வேண்டியதுதானே மாமா?"

"அங்க வரமாட்டேங்குது பாப்பா. இங்க நிக்கமாட்டேங்குது."

நான் யோசித்தேன். லயத்தில் ஒருவர் கையில் டப்பா இருந்தால் அது சாயங்காலத்துக்குள் செய்தி. நாற்பது பேர் கையில் இருந்தால் அது வெறும் டப்பா. ஆய்வில் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே சோதனைகள்தான். முடிவும் ஆளுக்கொரு ஒட்டிய உறையில் வரும். மாமாவுக்கு வரும் உறையை அவர் ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். பேராசிரியையிடம் ஆளைச் சொல்லவில்லை. ஒருவருக்கு முடிவு சீக்கிரம் வேண்டும், எண் பதினேழு என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டிப் பேசினேன். படம் போட்ட அட்டையெல்லாம் செய்து எடுத்துப் போயிருந்தேன். அம்மா முன்வரிசையில் கல்யாணச் சேலையில் உட்கார்ந்திருந்தார். அம்மா இன்றும் கொழுந்து வெட்டுகிறார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது என் பரிசளிப்பு விழாக்களுக்கு மட்டும்தான். நான் 'மரபணு' என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கங்காணி கையைத் தூக்கினார். "எவ்வளவு வேணும்?"

"ஒரு கொட்டைப்பாக்கு அளவு போதும் தாத்தா."

"அதுக்கா இம்புட்டு படிச்ச?"

சிரிப்பு அடங்கியதும் கடைசி வீட்டு அக்கா கேட்டார். "எங்க வீட்டுல அஞ்சு பேரு. ஒரே சட்டிச் சோறுதான் திங்கிறோம். ஒரு டப்பா பத்தாதா?"

"அவங்கவங்களுது தனித்தனியா வேணும்க்கா."

"காலையில வரலைன்னா?"

"வரும்க்கா. வரலைன்னா மறுநாள் குடுங்க."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் கடைசியில் ஒரு வரி கூடுதலாகப் பேசும் பழக்கம் உண்டு. "இதுவரைக்கும் எந்த ஊருலயும் நாப்பதும் முழுசா வந்ததில்ல. நம்ம லயத்துல ஒரு டப்பாகூடக் கொறையக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். அது ஒரு முடிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

டப்பாக்களைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மணிக்கே அம்மா, "நான் ஒரு நடை போயி எல்லாரும் வச்சிட்டாங்களான்னு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

ஏழு மணிக்கு நான் பெட்டியோடு போனபோது வாசல்களில் நாற்பது டப்பாக்களும் இருந்தன. ஒன்றுகூடக் காலி இல்லை. ஐஸ் பெட்டியில் அடுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பேராசிரியைக்கு அனுப்பினேன். லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் இதே வேலையைச் செய்த என் வகுப்புத் தோழிக்கு ஒன்பதுதான் கிடைத்திருந்தது. அவளுக்கும் அனுப்பினேன். அவசியம் இல்லைதான். பல்கலைக்கழக வேன் வந்து பெட்டியை எடுத்துப் போனது.

ஆய்வுக்கூடத்தில் சில வாரம் ஓடியது. எங்கள் லயத்து டப்பாக்களில் பரவலாகக் கிடைத்தது பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிர். உலகத்தில் ஏராளமானோர் வயிற்றில் அது இருக்கிறது. பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அதில் பல வகைகள் உண்டு. சில மனிதரிடம் அதிகம், சில மாட்டிடம், சில கோழியிடம். ஒருவரிடம் ஒரு வகை, இன்னொருவரிடம் வேறு வகை என்று கலைந்து கிடப்பதுதான் வழக்கம்.

எங்கள் லயத்தில் பதினொரு பேரிடம் மூன்று வகைகள் சேர்ந்து இருந்தன. பதினொரு பேரிடமும் அதே மூன்று. அதில் ஒன்று கோழி வகை.

பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. பதினொரு பேருக்கும் ஒரே பொது மூலம் இருக்க வேண்டும், அநேகமாகத் தண்ணீர் என்றார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்த் தொட்டியைப் படம் எடு, தண்ணீர் மாதிரி கொண்டு வா, இது ஒரு தனிக் கட்டுரை என்றார். நானும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கட்டுரைக்கு மனதுக்குள் நான்கு தலைப்பு வைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பதினேழாம் எண்ணும் அந்தப் பதினொன்றில் ஒன்று. அந்த மூன்று வகையைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. சாதுவான மூன்று பூச்சி ஒரு மனிதனை மாதக்கணக்கில் கரைக்குமா? பதிவேட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பஸ்ஸிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். மாதிரி வந்ததும் அதன் தன்மையை எழுத வேண்டும். பதினேழுக்கு எதிரே என் கையெழுத்தில் 'கெட்டி' என்று இருந்தது. நிற்கவே நிற்காதவருக்குக் கெட்டி. நாற்பதையும் கொண்டுவந்த பெருமையில் நான் எழுதிய வார்த்தையை நானே படிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தண்ணித் தொட்டி எப்பக் கழுவுனாங்க?"

"எதுக்கு?"

"பதினோரு பேருக்கு ஒரே பூச்சி. மூணு வகை, அப்படியே ஒண்ணா. அதுல ஒண்ணு கோழியோடது."

அம்மா நெத்திலியை நிறுத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது, எதையோ எண்ணினார்.

"பதினொண்ணா? நான் பத்துதானே போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"ஆங், என்னோடதையும் சேத்தா பதினொண்ணு. சரியாத்தான் இருக்கு."

எஸ்டேட்டில் வேலை பார்க்காதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் யாருக்காவது கிலோ குறைந்தால், பக்கத்தில் நிற்பவர் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவார். கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இன்றைக்கு எனக்கு முடியவில்லை, நாளைக்கு உனக்கு முடியாது. கங்காணியும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் பார்ப்பார். எங்கள் அம்மா வேகமாக வெட்டக்கூடியவர். அவர் கை வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சாக்கில் போட்டுப் பழகிய கை.

"கடசி வீட்டுக்காரிக்கு வரல, அவ புருசனுக்கும் வரல. கங்காணிக்கு மூணு நாளாச் சிக்கல். பாவம், அந்த மனுசன் வாசல்ல காலி டப்பாவ வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ நாப்பதும் வேணும்ன. கொறைய விடுவோமா?"

"அம்மா, ஒரு ஆளால எப்படி..."

"மொத நாளு ராத்திரி கீர, பப்பாளி எல்லாம் சாப்பிட்டேன்ல. கொட்டைப்பாக்கு அளவுதானே. சத்தே குச்சியால எடுத்து அளவாத்தான் வச்சேன்."

வீட்டில் குச்சியில் குத்திச் சுட்ட சத்தே இறைச்சி சாப்பிட்டது போன தீபாவளிக்கு. குச்சிகளைக் கழுவி வைத்திருந்திருக்கிறார்.

எனக்கு ஒன்றைக் கேட்கவும் பயமாக இருந்தது. "மாமா வீட்டு டப்பாவும் காலியா இருந்துச்சா?"

"இல்ல, அவரு வச்சிருந்தாரு. தொறந்து பாத்தேன், ஒரே தண்ணி. ஈரக் கொழுந்து கொண்டு போனா கங்காணி தண்ணிக்குன்னு கிலோவுல கழிப்பாருல்ல? உங்க டீச்சரம்மாவும் அந்த மாரிக் கழிச்சிட்டாங்கன்னா? அதான் கொட்டிட்டு, கழுவி, நல்லதாப் போட்டு வச்சேன்."

அந்த நாற்பதில் எனக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது ஒன்று. அதைத்தான் அம்மா தரம் சரியில்லை என்று சாக்கடையில் கொட்டியிருந்தார்.

"நல்லதாத்தானே போட்டேன்," என்றார் அம்மா, கொஞ்சம் வருத்தமாக.

பேராசிரியைக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, பொது மூலம் என்று தான் சொன்னது சரிதானே என்றார். அதற்குப் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, நாற்பதும் திரும்ப வேண்டும், இரண்டு வாரத்துக்குள் என்றார்.

மாமாவைக் கொல்லை வேலி ஓரமாகப் பார்த்தேன். ராஃபியா கயிற்றில் புதிய முடிச்சு ஒன்று உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தது.

"அப்ப நம்பர் பதினேழுன்னு நீங்க பாத்தது உங்கம்மாவோடதா?"

"ஆமா மாமா."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"இருக்கட்டும்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் தனியா ஒருக்காக் குடுக்க மாட்டேன் பாப்பா. என்ன ஏதுன்னு கேட்டா என் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். எல்லாரும் குடுத்தா நானும் குடுக்கிறேன். போன வாரத்துல இருந்து சட்டையும் பெருசாயிருச்சு."

அன்று சாயங்காலம் அம்மா, "அவருக்குத்தான் சரியா வரலன்னா அவருக்கு மட்டும் ஒரு டப்பா குடுத்துட்டுப் போயேன், எதுக்கு ஊரையே திரும்ப எழுப்புற?" என்று கேட்டார். "அப்படிச் செய்யக் கூடாதும்மா. எல்லாரும்தான்," என்றேன். ஏன் என்று கேட்டார். ஆய்வு விதி என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு நெத்திலியை எடுத்து வைக்கப் போனார்.

மறுபடி மண்டபம். இந்தத் தடவை அட்டை எதுவும் இல்லை. பத்துப் பேரை நடு மண்டபத்தில் நிறுத்திக் கேட்க முடியாது. கேட்டால் பேச்சு பதினேழாம் டப்பா வரை போகும். அதனால், டப்பாக்களில் எண்களை மாற்றி ஒட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, மன்னித்துத் திரும்பத் தர வேண்டும் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை ஒரு புள்ளியும் குறையாமல் பாஸ் பண்ணிக்கொண்டே வந்தவர்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

"ஒண்ணுல இருந்து நாப்பது," என்றார் பழைய கங்காணி. "அத ஒழுங்கா ஒட்டத் தெரியாதவளுக்கா யுனிவர்சிட்டில பட்டம் குடுத்தாங்க? நான் படிக்காமலே முந்நூறு பேருக்கு பேர் போட்டவன் லா."

சிரித்தார்கள். நானும் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது முன்வரிசையில் கல்யாணச் சேலை எழுந்து நின்றது.

"என் பொண்ணு ஒண்ணும் மாத்தி ஒட்டல. நான்தான் பத்துப் பேரு டப்பாவுல போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வேற என்னத்தப் போடுவாங்க?"

வரிசை வரிசையாக ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசி வீட்டு அக்கா, "ஆமா, எனக்குப் போட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் போட்டாங்க" என்றார். "சொல்லித் தொலைக்காதடி," என்றார் அவர் கணவர். இன்னும் இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர், "எனக்குப் போட்டது எனக்கே தெரியாதே, நான் குளிச்சிட்டு வந்து பாத்தா டப்பா நிறைஞ்சிருந்துச்சு" என்றார். கங்காணி மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, எண்ணிக்கங்க," என்று அம்மா விரல்களை விரித்தார். அவருக்குக் கணக்கு என்றால் விரல்தான், எண்ணினால் கடைசி விரல் வரை எண்ணாமல் விடமாட்டார். "இவ ஒண்ணு, இவ புருசன் ரெண்டு. கங்காணி மூணு."

"எனக்கு மூணு நாளாச் சிக்கல்," என்றார் கங்காணி, கூரையிடம்.

அதற்குப் பிறகு யாராலும் பேச முடியவில்லை. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் எண்ணிக்கொண்டே போனார். நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொருவரையும் கைகாட்டி, காரணத்தோடு சொன்னார்: இவளுக்கு நேரமில்லை, இவருக்குக் கூச்சம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மிச்ச விரல்களில் ஒன்று யாருக்கு என்று எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். பின்னால் தூண் ஓரமாக நின்ற மாமாவுக்கும் இப்போது தெரிந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. ஏழு. எட்டு. அம்மாவின் சேலையை இழுக்கலாம் என்று ஓர் அடி வைத்தேன். இழுத்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், பிறகு நான் யாரைப் பார்க்கிறேன் என்று பார்ப்பார்கள். ஒன்பது.

அம்மா பத்தாவது விரலைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"பத்து, எங்க வீட்டுக்காரரு," என்றார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "எனக்கா? நானேதானே போயி..."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அம்மா. "உங்களுக்கு அன்னைக்கு என்ன ஞாபகம் இருந்துச்சு?"

அப்பா வாதாடப் பார்த்தார். வாசலில் வைத்த நேரம்கூடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. கடைசியில் லயத்தில் தன் வேலையைத் தானே முழுதாகச் செய்த ஒரு மனிதர், செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். இன்று வரை அவருக்கு அது மனக்குறைதான்.

இரண்டாம் சேகரிப்புக்கு நான் ஒரே ஒரு விதி போட்டேன்: அடுத்தவர் டப்பாவை யாரும் திறக்கக் கூடாது, மூடியைச் சுற்றி டேப் ஒட்டித்தான் தர வேண்டும். லயத்து ஆட்கள் எதையும் பாதியில் செய்ய மாட்டார்கள். இந்தத் தடவை நேர்மையில் போட்டி. கடைசி வீட்டு அக்கா கணவரை என் முன்னால் நிறுத்தி, "இது இவரோடதுதான், நான் கதவுக்கு வெளியில நின்னேன்" என்று சாட்சி சொன்னார். கங்காணி இரண்டாம் நாள் மதியம் டப்பாவைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "சொந்தச் சரக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டிருந்தார். அம்மாவை நான் காலை ஏழு மணி வரை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை.

பதினேழாம் எண் மற்றவற்றோடு வாசலில் இருந்தது. மாமா சுற்றிய டேப்பை வெட்ட எனக்கு ஆய்வுக்கூடத்தில் இரண்டு கத்தரிகள் தேவைப்பட்டன. பதிவேட்டில் 'தண்ணீர்' என்று எழுதினேன். எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

சாயம் போட்டுக் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்ததும் தேடவே வேண்டியிருக்கவில்லை. நீள்வட்டமாக, இளஞ்சிவப்பாக, கல்யாண வீட்டில் இறைத்த ஜீரக மிட்டாய் மாதிரிக் கிடந்தன. சிஸ்டோஐசோஸ்போரா என்ற ஒட்டுண்ணி. உடம்பில் காவல் குறைந்தவர்களைப் பிடித்தால் எளிதில் விடாது. ஆனால் அதற்கு மாத்திரை இருக்கிறது, பழைய மாத்திரை, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைப்பது. பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, பதினேழா என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உறைகள் நாற்பதும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. அம்மா தன்னுடையதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தொல்லை தராத மூன்று வகைகள், சிகிச்சை தேவையில்லை, கோழிக்கூட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவும் என்று இருந்தது.

"மூணா? கடசி வீட்டுக்காரிக்கு எத்தன?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"அவளே சொன்னா, ஒண்ணுதானாம்," என்றார் அம்மா. அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தார். மாமாவின் உறையில் என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமா உறையைப் பிரித்து ஈப்போ டாக்டரிடம் கொடுத்தார். மாத்திரை வந்தது. பத்தாம் நாள், பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரவு முழுக்கத் தூங்கினேன் என்று செய்தி அனுப்பினார். பிறகு டாக்டரே இன்னொரு டப்பா கேட்டார், பூச்சி போய்விட்டதா என்று பார்க்க. அது எங்களிடம் வந்தது. மூன்று தகடு போட்டு, கண் எரியும் வரை ஓரம் ஓரமாகத் தேடினேன். இளஞ்சிவப்பாக எதுவும் இல்லை. பேராசிரியையும் ஒரு தடவை தேடினார். பிறகு மாமாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் கேட்டது. பிரிஞ்சாங் டவுனில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் இருந்தார்.

"மாமா, ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நல்லாத் தேடினியா?"

"ரெண்டு பேரு தேடினோம்."

"ஒண்ணுகூட இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல மாமா. ஆனா மத்த மாத்திரைய விடக் கூடாது, என்ன?"

"விடமாட்டேன், விடமாட்டேன்." மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மலையில் அப்போது நல்ல குளிர், அதுவாகவும் இருக்கலாம். "கொஞ்சம் இரு பாப்பா, வச்சிடாத," என்றார். போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாய், அந்தக் கஞ்சி வேணாம், எடுத்துடுங்க. ஒரு மீ கோரேங் பிரட்டிப் போடுங்க. காரமா. மேல முட்ட ஒண்ணு. இல்ல, ரெண்டு போடுங்க."